நாள் வாசிப்பும் விடுபட்ட அதிகாரமும்

யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவ இல்லங்களிற் காலை உணவுக்கு முன் வேதம் வாசிக்கும் வழக்கம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. வீட்டுக்கு மூத்தவர் ஒரு பகுதியை வாசிப்பார்; சிறிது நேரம் மௌனம் நிலவும்; பின்னர் ஒரு செபம். பத்து நிமிடத்தில் யாவும் முடிந்துவிடும். முற்போக்குச் சிந்தனையுடைய நண்பர் பலர் இவ்வழக்கத்தை ஒரு புன்னகையோடு கடந்துசெல்வதை நாம் அறிவோம். மயக்க மருந்தில் நாளுக்கு ஒரு கரண்டி என்பது அவர்களது கருத்து. அக்கருத்தை முற்றாக மறுக்க நாம் வரவில்லை. ஆயின் அம்மருந்து எங்கே, எவ்வாறு கலக்கப்படுகிறது என்று பாராமற் புன்னகைப்பது ஆராய்ச்சியாகாது. நூல் வேறு, அந்நூலை நாள்தோறும் நறுக்கிக் கொடுக்கும் முறை வேறு.

நாம் விசுவாசியா என்று இவ்விடத்திற் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடை இக்கட்டுரைக்கு வேண்டுவதன்று. அம்மம்மாவின் மடியிலிருந்து கேட்ட நூல் அது. சங்கச் செய்யுளைப் பயின்ற அதே கண்ணால் இன்றும் அதனைப் பயின்று வருகிறோம். அவ்வளவு போதும்.

நறுக்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. விவிலிய நூல்களை எழுதியோர் அவற்றுக்கு அதிகார எண்ணோ வசன எண்ணோ இடவில்லை. இன்றுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஸ்தேவான் லாங்டன் என்பவரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் ரொபேர் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் இட்டார். எண் விழுந்தபின் நறுக்குதல் எளிதாயிற்று. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் வாழ்ந்த மொறேவிய சபையார் நாளுக்கொரு வசனம் என்ற முறையில் 1731ஆம் ஆண்டுக்குரிய சிறுநூல் ஒன்றை அச்சிட்டனர். 1879இல், பின்னர் ஸ்கிரிப்சர் யூனியன் என அறியப்பட்ட இயக்கம், இங்கிலாந்திற் பிள்ளைகளுக்கென நாள் வாசிப்பு அட்டைகளை வெளியிட்டது. தொழிற்சாலைச் சங்குக்கும் புகையிரத நேரசூசிக்கும் பழகிவிட்ட சமுதாயம் தன் வேதத்துக்கும் ஒரு நேரசூசி வகுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

அட்டைகளைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஒரு நூலை நாள் தவறாமற் படிக்கும் பழக்கத்தை அவை எண்ணற்ற சிறுவர்க்கு ஊட்டின. தீங்கு வேறிடத்தில் விளைந்தது. பகுதியோடு விளக்கமும், விளக்கத்தோடு ஆறுதல் மொழியும் சேர்ந்து ஒரு பக்கத்துள் அடங்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, மூலம் இரண்டொரு வசனமாகச் சுருங்கிற்று. சுருங்கியபின் எவ்வசனம் எஞ்சும்? மனத்துக்கு இதமானதே எஞ்சும். கூலி, கடன், காணி, அளவுக்கோல் முதலியவற்றைப் பேசும் வசனம் காலைத் தேநீரோடு பொருந்தாது.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்நூலோடு உள்ள உறவு சாதாரணமானதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றவர், அக்காலத்தில் இளைஞராயிருந்த ஆறுமுக நாவலர். 1848இல் மிஷன் பாடசாலைத் தொழிலை விட்டு விலகிய நாவலர் 1854இற் சைவதூஷண பரிகாரத்தை எழுதியபோது, சைவக் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமாருக்கு அவர்களது வேதத்திலுள்ள ஆலய விதிகளையும் பலி விதிகளையும் எடுத்துக்காட்டியே விடையிறுத்தார். சாதி பற்றிய நாவலரின் கொள்கையை நாம் ஏற்பவரல்லோம். ஆயினும் கிறிஸ்தவர் பலர் வாசியாது தாண்டும் பக்கங்களை அவர் தாண்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்நூலை அவர் முழு நூலாகக் கற்றிருந்தார்.

எமது அம்மம்மாவும் முழு நூலாகவே வாசித்தவர். தியானப் புத்தகம் எதுவும் அவரிடம் இருந்ததில்லை. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் உள்ளன. வார நாட்களில் மும்மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. இக்கணக்கில் ஆண்டு ஒன்றுக்குள் நூல் முடிந்துவிடும்; சனவரி முதலாந் திகதி மீண்டும் ஆதியாகமம். இதமான பகுதி, இதமற்ற பகுதி என்ற பேதம் அவருக்கு இருந்ததில்லை. தொழுநோய் விதியும் வம்ச அட்டவணையும் சங்கீதங்களைப் போலவே உரத்த குரலில் வாசிக்கப்பட்டன. சிறுவராகிய எமக்கு அது பெருந்துன்பமாயிருந்தது என்பதை மறைப்பானேன்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊர்களை விட்டு வெளியேறினர். எமக்கு அப்போது ஆறு வயது. நாவற்குழிப் பாலத்தின் நெரிசல் மங்கலாகவே நினைவிலுள்ளது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், வேறு பல குடும்பங்களோடு, சேலையாற் பிரித்த ஓர் இடத்தில் அந்த மாரிகாலம் கழிந்தது. அங்கும் மூன்று அதிகாரங்கள் தவறவில்லை. 1996 ஏப்பிரல் இறுதியில் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கினர். நாமும் திரும்பினோம். வீட்டின் கூரை பாதி இல்லை. மே மாதத்து முதல் வாரம், ஓடு விழுந்த விறாந்தையில் இருந்துகொண்டு அம்மம்மா எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். சிறையிருப்பிலிருந்து திரும்பியோரின் தொகையை ஊர் ஊராகச் சொல்லும் அட்டவணை அது: பெத்லகேமார் 123 பேர், ஆனதோத்தார் 128 பேர் என்று நீண்டுகொண்டே போகும். இந்த எண்களை ஏன் வாசிக்கிறீர்கள் என்று கேட்டோம். "திரும்பி வந்த சனத்தை ஒராள் எண்ணி எழுதி வைச்சிருக்கு, பிள்ளை. எங்களை ஆர் எண்ணினது?" என்றார்.

தெரிந்தெடுத்து அவர் அப்பகுதியை வாசிக்கவில்லை. மூன்று மூன்றாக எண்ணிவந்த வரிசையில் அது அன்று தானாக வந்தது. ஆறுதலுக்கெனத் தொகுக்கப்பட்ட எந்த நூலிலும் எஸ்றாவின் இரண்டாம் அதிகாரம் எளிதில் இடம்பெறாது.

இதனாற் கட்டளை தவறாது முழுவதும் வாசித்தால் யாவும் சீராகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அம்மம்மாவின் தந்தையார் வீட்டிலும் இதே ஒழுங்கில்தான் வாசிப்பு நடந்ததாம். வயல் வேலைக்கு வந்தோர் முற்றத்தில் நின்று கேட்பார்களாம், விறாந்தையில் ஏறமாட்டார்கள். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு ஆசனம் கொடுத்து ஏழையை நிற்கவைப்போரைக் கண்டிக்கும் யாக்கோபின் நிருபமும் அந்த விறாந்தையிலிருந்தே ஆண்டுக்கொரு முறை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் குரல் சிறிதும் தடுமாறவில்லை போலும். முற்றத்தில் நின்றவர்கள் அன்று என்ன நினைத்தனர் என்பதை எவரும் கேட்டதில்லை. நூல் முழுமையாக இருப்பின் மட்டும் போதாது. கேட்பவருக்கும் வாய் வேண்டும்.

அந்த வாயை நாம் கண்டது வேறோர் இடத்தில். 2019ஆம் ஆண்டு முதலாந் தவணையில், கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவதில்லை. வரவு இடாப்பைப் பார்த்தபோது இது பல வாரங்களாகத் தொடர்வது தெரிந்தது. கேட்டதற்கு அவள் தலைகுனிந்து நின்றாளேயன்றி விடை தரவில்லை. அயலிலிருந்த இன்னொரு பிள்ளையே உண்மையைச் சொன்னாள். செவ்வாய் காலையில் லோன் காசு கேட்டு ஆள் வருவான். தாய் வீட்டில் இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

போருக்குப் பின்னர் வடபுலத்துக் கிராமங்களில் நுண்கடன் எவ்வாறு பரவியது என்பதை இவ்வேட்டு வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. கணவனை இழந்த பெண், தையல் இயந்திரம் வாங்க ஒரு கடன், அதை அடைக்க மற்றொன்று, இரண்டையும் அடைக்க மூன்றாவது. ஒருத்தி தவறினால் அவளது குழுவிலுள்ள ஏனையோர் கட்டவேண்டும். அயலவளையே அயலவளுக்குக் காவலாளாக்கும் ஏற்பாடு அது.

அம்மாணவியின் தாயாரைக் காணச் சென்ற புதன்கிழமை மாலை, அவர் வீட்டில் அயற் பெண்கள் எட்டுப்பேர் வேத வாசிப்புக்குக் கூடியிருந்தனர். எமக்கு விறாந்தையில் ஒரு கதிரை இட்டனர். அவர்களிடம் ஒரு தியானப் புத்தகம் இருந்தது. அந்த மாதம் நெகேமியாவின் நூல். இடிந்த எருசலேம் மதிலை நெகேமியா கட்டியெழுப்பும் கதையை அப்புத்தகம் ஆத்துமாவின் மதில் என்று விளக்கியிருந்தது: சோர்வு வேண்டாம், பகைவர் ஏளனத்துக்கு அஞ்சவேண்டாம், விடாமுயற்சியே வெற்றி. அழகான போதனைதான். ஆனால் நான்காம் அதிகாரத்துக்கான பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கம் ஆறாம் அதிகாரம்.

வேதாகமத்தைக் கையில் வைத்திருந்த வயதான பெண் ஒருவர், "அஞ்சாம் அதிகாரம் எங்க?" என்று கேட்டார். அச்சுப் பிழையாக இருக்கலாம் என்றார் ஒருவர். வாசித்துத்தான் பார்ப்போமே என்று கிழவியார் தம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்தெண்ணி வாசிக்கத் தொடங்கினார்.

அவ்வதிகாரத்தின் செய்தி இது. மதில் கட்டிக்கொண்டிருந்த சனங்களும் அவர்களுடைய மனைவியரும் தம் சொந்த இனத்தார்மீதே பெருங்கூக்குரல் எழுப்புகிறார்கள். பஞ்சத்திற் தானியம் வாங்க வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகுவைத்துவிட்டோம். அரசனுக்குத் திறை செலுத்தக் கடன்பட்டோம். எங்கள் பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள். மீட்க எங்களிடம் வழியில்லை என்கிறார்கள். நெகேமியா அதைக் கேட்டுக் கோபமடைகிறான். கடன் கொடுத்த பெரியோரைச் சபை முன் நிறுத்துகிறான். அவர்கள் மறுமொழியின்றி நிற்கிறார்கள். வயலையும் வீட்டையும் வாங்கிய வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கூறி, ஆசாரியர் முன்னிலையிற் சத்தியம் வாங்குகிறான்.

வாசிப்பு முடிந்தபின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மாணவியின் தாயார் மெல்லக் கேட்டார்: "பெண்சாதிமாரும் கத்தினவை எண்டு எழுதிக்கிடக்கோ, இல்லாட்டி நீங்கள் சேர்த்து வாசிச்சீங்களோ?" கிழவியார் முதலாம் வசனத்தை மீண்டும் வாசித்துக் காட்டினார்.

அப்பால் நடந்தது செபக்கூட்டம் என்று சொல்வதற்கில்லை. எவருக்கு எத்தனை லோன், யாருடைய காதணி எங்கே இருக்கிறது என்பனவெல்லாம் முதன்முறையாக வாய்விட்டுப் பேசப்பட்டன. ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்த கடன்கள் அவை. அவ்வதிகாரம் நூற்றிலொரு பங்கு என்று ஒரு வட்டியைக் குறிப்பிடுகிறது. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என உரைகாரர் பலர் அதற்குப் பொருள் கொள்வர். ஆண்டுக்கு 12 வீதம். இலங்கை மத்திய வங்கி 2018இல் நுண்கடனுக்கு விதித்த உச்ச வட்டி ஆண்டுக்கு 35 வீதம். கணக்கைக் கேட்டபோது எட்டுப்பேரும் சிரித்துவிட்டனர். நெகேமியா 12 வீதத்துக்கே கோபித்தான் என்றால், இங்கு வந்தால் என்ன செய்வான் என்று ஒருத்தி கேட்டாள்.

நிக்கராகுவா நாட்டு ஏரித் தீவுகளாகிய சொலெந்திநாமேயில், 1966 முதற் கவிஞரும் குருவுமான எர்னெஸ்தோ கார்தெனால், பிரசங்கம் செய்வதை விடுத்து உழவரையும் மீனவரையும் சுவிசேஷத்தைப் பற்றிப் பேசச்செய்தார். அவ்வுரையாடல்கள் 1975இல் நூலாயின. 1977இற் சொமோசாவின் படையினர் அக்குடியிருப்பை அழித்தனர். பல்கலைக்கழகத்தில் இதனைப் படித்தபோது தொலைவான ஒரு செய்தியாகவே இருந்தது. வன்னியின் அந்த விறாந்தையில் எவரும் கார்தெனாலைப் படித்தவரல்லர். ஒரு பக்கம் விடுபட்டிருந்ததைக் கண்டுகொண்ட கிழவி ஒருவர் இருந்தார், அவ்வளவே.

போதகருக்கு இது பிடிக்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். நல்ல மனிதர், கடன் வாங்கியவர் கடனைக் கொடுக்கத்தானே வேண்டும் என்றார். ஆன்மீகக் காரியத்தோடு உலகக் காரியத்தைக் கலக்கலாகாது என்பதும் அவர் கருத்து. கலந்து எழுதியவன் நெகேமியாவே என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்பதை எம்மிடம் எவரும் கூறவில்லை.

கடன் தீர்ந்துவிடவில்லை. எட்டுப்பேர் சேர்ந்து வட்டியை ஒழித்துவிட முடியாது. அவர்கள் செய்தது ஒன்றுதான்: புதன் மாலைக் கூட்டத்தைச் செவ்வாய் காலைக்கு மாற்றினர். தியானப் புத்தகத்தை வைத்துவிட்டு, கிழவியாரின் சொற்படி லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தை எடுத்தனர். காணி உரியவனிடம் திரும்பவேண்டிய ஐம்பதாம் ஆண்டையும், வறியவனிடம் வட்டி வாங்கலாகாது என்ற விதியையும் கூறும் அதிகாரம் அது. அச்செவ்வாய் எமது மாணவி முதலாம் பாடவேளைக்கே வகுப்பில் இருந்தாள். வீட்டில் நடந்ததை அவளது தாயார்தாம் பின்னர் எமக்குச் சொன்னார். காசு கேட்க வந்த பையன் மோட்டார் சைக்கிளைப் படலையில் நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தான். ஒருத்தியைத் தேடி வந்தவன் முன் எட்டுப்பேர் இருந்தனர். வேதம் வாசிக்கிறோம் தம்பி, முடியும்வரை இருங்கோ என்று ஒரு வாங்கைக் காட்டினராம். அவனும் தொப்பியைக் கழற்றிவிட்டு இருந்தான். அவ்வதிகாரத்தில் 55 வசனங்கள் உள்ளன. கிழவியார் எழுத்தெண்ணி வாசிப்பவர்.