இருமுறை வெறிச்சோடிய ஊர்

செக் நாட்டின் தெற்கே ஹோலஷோவிட்சே என்றொரு சின்னக் கிராமம். சில நாட்களாக அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் புல்வெளி, குளம், 1755-இல் கட்டிய சிற்றாலயம். சுற்றிலும் பண்ணை வீடுகள். அந்த வீடுகளின் முகப்பைத்தான் பார்க்க வேண்டும். தெருவைப் பார்த்த சுவரின் உச்சி நேராக முடியாமல் மணி வடிவில் வளைந்து ஏறுகிறது. மஞ்சளோ வெளிர்பச்சையோ பூசிய சுவரில் வெள்ளைச் சுதை வேலைப்பாடு, நடுவே கட்டிய ஆண்டு. அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய பரோக் பாணியை 19-ஆம் நூற்றாண்டு விவசாயிகள் தங்கள் வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள்!

இந்த அழகுக்குப் பின்னால் பெருந்துயரம் இருக்கிறது. 1520-களில் கொள்ளைநோய் வந்தபோது ஊரில் இருவர் மட்டுமே பிழைத்தார்களாம். பிறகு பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் மொழி பேசுவோர் வந்து குடியேறி ஊரை எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பல வீடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அப்படிக் கிடந்ததால்தான் யாரும் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை என்பதை நினைத்தால் மனதைப் பிசைகிறது.

1990-க்குப் பிறகு வீடுகளைச் சீரமைத்தார்கள். 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். பிராக் வரை போகிறவர்கள் ஒரு நாளை இந்த ஊருக்கும் ஒதுக்குங்கள்.