தகட்டுக்குக் கீழே இருக்கும் சைக்கிள்

எங்கள் கரிசல் காட்டுப் பசுவந்தனையிலும் சுற்றியுள்ள பட்டிகளிலும் பழைய சைக்கிள் ஒன்று இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது. தொழுவத்துச் சுவரில் சாய்ந்தபடி, மேலே கோழி அடைந்து, டயர் மக்கிப் போய் நிற்கும். இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய், இப்போது தராசில் தூக்கி வைத்துக் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். சுமார் இருபது கிலோ எடை நிற்கும். எடுத்துப் போகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர் பிழைப்பு. கொடுக்கிறவர்களோடுதான் எனக்குப் பேச்சு. கொடுப்பது என்ன வண்டி என்று தெரிந்த பிறகு கொடுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது வாடகை சைக்கிள் எடுக்கப் போன கடையில் ஓர் அண்ணாச்சி இருந்தார். வண்டி பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். "இது ராலி வண்டி" என்று யாராவது பெருமையாக ஓட்டிக்கொண்டு வந்தால், அண்ணாச்சி முன்னால் இருக்கும் பெயர்த் தகட்டைப் பார்க்கவே மாட்டார். மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவர் கொம்பின் வண்ணத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, குனிந்து முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பார்ப்பார். "தகடு ரெண்டு ரிவெட்டுதாம்ல. கழட்டி எதுல வேணும்னாலும் அடிச்சிக்கிடலாம். உடம்பப் பாரு" என்பார்.

ராலியின் ஃபோர்க் தலை தனி அமைப்பு. இரண்டு கால்களும் மேலே சேரும் இடத்தில் குழாய் போல உருண்டு, மூடி போட்டது மாதிரி இருக்கும். பெடல் சக்கரத்தில் கொக்குத் தலை வெட்டியிருக்கும். 1880களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ராலி தெருவில் தொடங்கிய பட்டறையின் அடையாளம் அது. ஹம்பரின் பெயர்பெற்ற வண்டிகளில் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இறங்கும், பெடல் சக்கரத்தில் ஐந்து மனித உருவங்கள் இருக்கும். ரட்ஜ் என்றால் விரித்த கை. பி.எஸ்.ஏ. என்றால் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள், ஏனென்றால் அந்தக் கம்பெனி 1861ல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யவே தொடங்கப்பட்டது.

தகடு ஏமாற்றும் என்று அண்ணாச்சி சொன்னதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. ராலி 1932ல் ஹம்பரை வாங்கியது, 1943ல் ரட்ஜை வாங்கியது, 1957ல் பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பிரிவையும் வாங்கியது. ராலி வாங்கிய பிறகு வந்த ரட்ஜில் கை அடையாளம் அப்படியே இருக்கும், செய்த இடம் நாட்டிங்ஹாமாக இருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு மரையைப் பாருங்கள். மற்ற கம்பெனிகள் பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை போட்டபோது ராலி 26 போட்டது. விவரம் தெரியாத கை, கிடைத்த கப்பை வைத்து முறுக்கி ஏற்றினால் மரை அழிந்துவிடும். அப்படிக் கெட்டுப்போன நல்ல வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று கியர் வைத்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் நம் பக்கம் அபூர்வம். கிடைத்தால் துடைத்துப் பாருங்கள். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் ஆண்டு அடித்திருக்கும். ஆனால் அது ஹப்பின் வயது, சக்கரம் மாற்றிய வண்டியில் அதை நம்பி வண்டிக்கு வயது சொல்லக் கூடாது. போக்ஸ் கம்பியையும் எண்ணுங்கள். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்பது ஆங்கிலக் கணக்கு, நம் நாட்டுக் கறுப்பு வண்டிகளும் அதையே எடுத்துக்கொண்டன.

சீமை வண்டி மட்டும்தான் உசத்தி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1949ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். 1951லேயே ஹெர்குலஸ் வெளியே வந்துவிட்டது. அதே ஆண்டில் சோனிபட்டில் அட்லஸ், 1956ல் லூதியானாவில் ஹீரோ. வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலி. குழாயையும் இங்கேயே இழுக்க வேண்டும் என்று 1955ல் ஆவடியில் தனி ஆலை வந்தது. சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷத்துக்குள் நம் ஆட்கள் நம் இரும்பில் நம் ரோட்டுக்கு வண்டி செய்தார்கள். அம்பத்தூர் ஹெர்குலஸின் பொருத்துகளை விரலால் தடவிப் பாருங்கள். குழாயும் பொருத்தும் சேரும் இடத்தில் பித்தளை உருகிச் சீராக ஓடியிருக்கும். அந்தக் கோட்டை இழுத்த கைக்கு நான் இன்றும் வணக்கம் சொல்வேன்.

பழைய இரும்பு சைக்கிளைப் பற்றிப் பேசும் வெளிநாட்டார் பெரும்பாலும் பந்தய வண்டிகளைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1935ல் வந்த ரெனால்ட்ஸ் 531 குழாய் நல்ல சரக்குதான். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்து, நடுவில் மெலிந்து முனையில் தடித்து இழுத்த குழாய் அது. நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் தரத்தை அது ஓடிய ரோடுதான் சொல்ல வேண்டும்.

கரிசல் ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் காட்டுப் பாதையில் பத்து அடி ஓட்டுவதற்குள் சக்கரத்தில் மண் அப்பும். மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் உருளாது. குச்சியால் நோண்டித் தள்ளி, மறுபடி ஓட்டி, கடைசியில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வந்தவர்கள் நாங்கள். பந்தய வண்டியாக இருந்தால் இரண்டு அடிகூட நகராது. கோடையிலோ மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் சக்கரம் இறங்கும். வேலிக்கருவை முள் டயரைப் பதம் பார்க்கும். புழுதி மாவாகப் பறந்து செயினில் ஏறும். இவை எல்லாவற்றுக்கும் நம் கறுப்பு வண்டியில் பதில் இருந்தது. மட்காட்டுக்கும் டயருக்கும் தாராளமாக இடைவெளி விட்டிருந்தார்கள். ஃபோர்க்கைச் சாய்த்து, சக்கரங்களைத் தள்ளி வைத்திருந்ததால் குலுக்கல் உடம்புக்கு வருமுன் இரும்பே பாதியை வாங்கிக்கொள்ளும். 28க்கு ஒன்றரை டயர். புழுதி புகாத ஃபுல் செயின் கவர். பிரேக்குக்கு ஒயர் கிடையாது, கம்பிதான். வளைந்தால் கையாலேயே நிமிர்த்திக்கொள்ளலாம். ஃபிரேம் வளைந்தால் சூடு காட்டி நிமிர்த்த அடுத்த ஊர்ப் பட்டறையே போதும். இந்த அமைப்பைச் சீனாவும் ஆப்பிரிக்க நாடுகளும் அப்படியே எடுத்துக்கொண்டன. அங்கேயும் குண்டும் குழியுமான ரோடுதானே.

வண்டி எங்கே பிறந்தது என்று பார்த்தாயிற்று. அது யாருக்காக உழைத்தது என்பதையும் அதிலேயே படிக்கலாம். இடது பெடல் அதிகமாகத் தேய்ந்திருந்தால் தாத்தா அதில் கால் வைத்துத் தெத்தித் தெத்தி ஏறியவர். கேரியர் பின்னால் சரிந்திருந்தால் பருத்தி மூட்டையோ கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் சரக்கோ நாள் தவறாமல் ஏறியிருக்கிறது. பாரில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். பார் வைத்த வண்டி ஆண்களுக்கு என்று ஒதுக்கி வைத்தோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, பலர் அந்தப் பார் வண்டியையே கேட்டு வாங்கினார்கள், பிள்ளையை உட்கார வைக்க இடம் இருக்கிறது என்று. சீட்டுக்குக் கீழே சங்கிலியில் தொங்கும் சிறு வில்லையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ வண்டி வரி கட்டியதற்கான அத்தாட்சி அது.

மனிதர்களைப் பார்க்கவும் எனக்கு இந்தப் பழக்கம்தான் உதவியது. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருப்பவை எல்லாம் ரிவெட் அடித்த தகடுகள். என்ன பாரம் சுமந்தார், எந்த இடத்தில் தேய்ந்தார், வளைந்த பிறகு எப்படி நிமிர்ந்தார் என்று பார்த்துத்தான் நான் சிநேகம் வைத்தேன். சம்பந்தம் பேசப் போன இடங்களிலும் அதைத்தான் பார்த்தேன். அதில் எனக்குக் குறைவு வந்ததில்லை.

இளவட்டங்கள் சிலர் இப்போது தாத்தா சைக்கிளை எடுத்துப் புதுப்பிக்கிறார்கள். மனசு நிறைகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சுரண்டி, மண் பீய்ச்சி, பவுடர் கோட்டிங் கொடுத்துவிடாதீர்கள். கையால் இழுத்த பொன்கோடும் பழைய எழுத்தும் ஒரே நாளில் போய்விடும், ஃபிரேமில் அடித்த நம்பர்கூட மூடிப்போகும். மண்ணெண்ணெயில் துணி நனைத்துச் செயினையும் ஹப்பையும் துடையுங்கள். பெயின்ட் மேல் லேசாக எண்ணெய்த் துணி போதும். காட்டர் பின் வரவில்லை என்றால் சுத்தியலைத் தூக்காதீர்கள். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பால்ரஸ் மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள், பழசும் புதுசும் கலக்கக் கூடாது.

புதுப்பிக்க வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தராசில் ஏற்றுவதற்கு முன் ஒரு நாள் அந்த வண்டியை வெயிலில் நிறுத்தித் துடையுங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள பொருத்தில் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, இதை எப்போது, எங்கே, எந்த வெள்ளாமைக் காசில் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். கேட்டு எழுதி வைத்துவிட்டு, அப்புறம் விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.