சிலையைச் சுட்டவர்கள்

'ஈவ் ஒன்லைன்' என்னும் விண்வெளிக் கணினி விளையாட்டு 2003 ஆம் ஆண்டு ஐஸ்லாந்திலிருந்து வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே அண்டத்திற் கூடிக் கனிமம் அகழ்ந்து, கலங்கட்டி, வாணிபமும் போரும் புரிவர். அங்கே அழிந்த கலம் மீளாது. பல வாரம் உழைத்துப் பெற்ற என் முதற் கலத்தை இழந்த இரவில் நான் உறங்கவில்லை என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறேன்.

2011 யூன் மாதத்தில், விளையாட்டிலுள்ள பாத்திரங்கள் அணிதற்குரிய ஒற்றைக் கண்ணாடியொன்று ஏறக்குறைய 60 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. மெய்யான பணம்! ஆடுவோர் வெகுண்டனர். உண்மையில் அவர்களை உறுத்தியது கண்ணாடியன்று. நாளை வலிய கலங்களும் காசுக்கு விற்கப்படுமோ என்ற ஐயமே. பெருஞ்சந்தையாகிய ஜீட்டாவிலே திரண்டு, அழிக்கவியலாத சிலையொன்றைச் சுட்டுக்கொண்டேயிருந்தனர். வீண்வேலை என்று நான் நகைத்தேன்; நண்பர் அழைத்தும் போகவில்லை.

ஆயின், ஆடுவோர் வாக்களித்துத் தெரிவுசெய்த பேரவையினர் றெய்க்யவிக் நகருக்கு அழைக்கப்பட்டனர். ஒக்டோபரில் நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அடுத்து வந்த விரிவாக்கத்தில் கலங்களே மீண்டும் முதலிடம் பெற்றன.

என் உழைப்புக்காகவுமே அவர்கள் சுட்டனர் என்பது எனக்குப் பிந்தியே விளங்கிற்று. ஒரு வேட்டேனும் நான் தீர்த்திருக்கலாம். நண்பர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.