நீர்க்கடுப்பும் ஒட்டிக்கொள்ளும் கிருமியும்

பி.காம். படித்த பேங்க்காரிக்கு பாக்டீரியா ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். போபாலுக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருடத்தில் எனக்கு நான்கு முறை நீர்க்கடுப்பு. ஊரிலிருந்து ஃபோன் செய்த சித்தி, "உடம்பைச் சுத்தமா வெச்சுக்கோடி" என்றார். சுருக்கென்றது. உட்கார்ந்து படித்தேன்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஈ.கோலை. நம் எல்லோர் குடலிலும் சும்மா குடியிருப்பதுதான். சிறுநீர்ப்பைக்குள் வந்தாலும் சிறுநீரோடு அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் அதன் பிடி. அதன் மேல் மயிர் போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. இழை நுனியில் இருக்கும் ஃபிம்-எச் என்ற புரதம், நம் சிறுநீர்ப்பைச் செல்களின் மேலுள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைக் கவ்விக்கொள்கிறது.

இந்தப் புரதம் எல்லா ஈ.கோலையிலும் ஒன்றுபோல இல்லை. அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே சிறுநீர்ப்பையில் பிடி நன்றாகக் கூடிவிடலாம் என்று 1998-ல் சொக்குரென்கோ குழுவினர் காட்டினார்கள். பேரேட்டில் ஓர் இலக்கம் மாறினால் பேலன்ஸ் எங்கேயோ போய்விடுமே, அதே கதைதான்! 2002-ல் இன்னொரு ஆச்சரியம்: இழுத்தால் இந்தப் பிடி தளர்வதில்லை, இறுகுகிறது.

அப்படியானால் மேனோஸ் பொடியைக் குடித்துக் கிருமியை ஏமாற்றலாமே? பிரிட்டனில் 598 பெண்களிடம் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். பலனில்லை.

பலன் தந்தது பச்சைத் தண்ணீர். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் குடித்தவர்களுக்குச் சராசரி 1.7 முறை, மற்றவர்களுக்கு 3.2 முறை வந்தது என்கிறது 2018-ல் வந்த அந்த ஆய்வு.

ஆகவே சகோதரிகளே, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப வந்தால் பழைய மாத்திரையையே கடையில் வாங்கிப் போடாமல், டாக்டரிடம் கேட்டு யூரின் கல்ச்சர் பாருங்கள். காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தால் அன்றைக்கே போங்கள்.

ஆனால் பாத்ரூம் போக எழுந்திருக்க முடியாது என்பதால்தானே கவுண்டர் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை? எங்கள் கிளையில் இப்போது பதினொன்றரைக்கும் மூன்றுக்கும் நானே போய்க் கவுண்டரில் உட்கார்ந்துகொள்கிறேன். "நீ போய்ட்டு வாம்மா, க்யூ எங்கேயும் ஓடாது."