நம் துணியை நாமே அறிவோம், நாமே வெளுப்போம்

பென்னாகரம் பக்கத்துக் காலனிகளில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் சட்டம் படிக்கிறோம், வரலாறு படிக்கிறோம். சில மாதங்களாகத் துணியையும் சேர்த்துப் படிக்கிறோம். எது பருத்தி, எது பாலியஸ்டர், எதை எப்படித் துவைப்பது என்று. "இதெல்லாம் ஒரு பாடமா தோழர்?" என்று கல்லூரிக்குப் போகிற தம்பிகள் கேட்கிறார்கள். பாடம்தான். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எட்டில் பாதிக்கு மேல் உடம்பில் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றிய தடைகள். துணி அற்ப விஷயமாக இருந்திருந்தால் இத்தனை தடை எதற்கு?

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் பாபாசாகேப் புடவை கட்டும் முறையைப் பற்றிப் பேசினார். பார்த்தவுடன் சாதியைச் சொல்லிவிடுகிற கட்டை விட்டுவிடுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்றார். சட்டமும் பொருளாதாரமும் கற்ற ஒருவர் மாநாட்டில் புடவைக்கட்டைப் பேசுகிறார் என்றால், அது அவருக்கு அரசியலாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக் கதையும் உங்களுக்குத் தெரியும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. கட்டிய துணியோடு நின்றார்கள் என்று சொல்வார்களே, அன்று அது சொல்வழக்காக இல்லை, அப்படியே நடந்தது. பெங்களூருவில் கட்டட வேலை பார்த்தும் திருப்பூரில் தையல் வேலை பார்த்தும் சேர்த்து வாங்குகிற பொருள்களில் முதலில் வருவது நல்ல துணிமணி. கண்ணை உறுத்துவதும் அதுதான்.

இன்று முழங்காலுக்கு மேல் கட்டு என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. "அழுக்கு" என்று சொல்கிறார்கள். எங்களில் பலரைப் பள்ளியில் சீருடை கசங்கியிருக்கிறது என்று தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லை, குழாயில் தினமும் தண்ணீர் வராது. அதையெல்லாம் கேட்க ஆளில்லை. கசங்கல் தண்ணீர்ப் பிரச்சினையாகப் பார்க்கப்படவில்லை, பிறவிக் குணமாகப் பார்க்கப்பட்டது.

இன்னொரு பக்கம் ஏமாற்று. தவணைக்குத் துணி கொண்டுவருகிறவர் "அசல் பட்டு" என்று கொடுத்துவிட்டுப் போகிறார். பட்டுக்கூடு ஏலம் போகிற தருமபுரி மாவட்டத்தில், மல்பெரி இலை பறித்துக் கூலி வாங்குகிற அக்காவிடமே செயற்கைப் பட்டை அசல் என்று விற்க முடிகிறது. அதனால்தான் துணியை அடையாளம் காண்பதைச் சொல்லித் தருகிறோம்.

துணியின் உள்தையலில் இருந்து நாலைந்து நூலை உருவுங்கள். பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இடுக்கியில் பிடித்து, கீழே தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். பருத்தி சட்டென்று பற்றும். காகிதம் எரிகிற வாடை வரும். சாம்பல் ஊதினால் பறக்கும். பட்டு தயங்கி எரியும், முடி பொசுங்குகிற நாற்றம் வரும், தீயை எடுத்தால் தானே அணையும். நுனியில் நிற்கிற கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் எரிவதற்கு முன்பே உருகிச் சுருங்கும், சொட்டும். ஆறிய பின் அந்த உருண்டையை நசுக்க முடியாது, கல் மாதிரி இருக்கும். காகித வாடையும் வந்து கெட்டித் துணுக்கும் மிஞ்சினால் அது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி. ரேயான் பருத்தி போலவே எரிவதால் தீயில் பிடிபடாது. நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயான் நனைந்தால் வலு இழந்து எளிதில் அறும், பருத்தி அறாது.

கடையில் இருக்கும் புதுப் புடவையைக் கொளுத்திப் பார்க்க முடியாது. அங்கே மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரையைக் கேளுங்கள். 2004 முதல் அது இருக்கிறது. முத்திரையும் இல்லை, ரசீதும் இல்லை என்றால் பட்டு விலை கொடுக்காதீர்கள்.

உருகுகிற துணியால் இன்னோர் ஆபத்தும் உண்டு. தீப்பிடித்தால் அது தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு முன்னால் நிற்கிறவர்கள் பாலியஸ்டர் நைட்டி, நைலான் புடவையை மாற்றிவிட்டுப் பருத்தியில் நிற்பது நல்லது. பருத்தியும் பற்றும், ஆனால் உருகி ஒட்டாது. தொளதொளவென்று எதையும் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போக வேண்டாம்.

இனி துவைப்பது. பருத்தி சுடுதண்ணீரும் தாங்கும், கல்லில் அடியும் தாங்கும். சாயத்துணியைத் தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் போடுங்கள். ரேயானை அடிக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் துவைத்த சட்டையிலும் வாடை நிற்கிறது. போட்ட அன்றே அலசிவிடுங்கள், இஸ்திரி சூட்டைக் குறைத்து வையுங்கள். பட்டுக்குக் காரமில்லாத சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போதும். பிளீச்சிங் பக்கமே கொண்டு போகாதீர்கள், பட்டையும் கம்பளியையும் அது கரைத்தே விடும். பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே இற்றுப்போகும்.

எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து துணியிலேயே படியும். வெள்ளைச் சட்டை பழுப்பாவது அதனால்தான். அதற்குச் சோப்பைவிடச் சலவைத்தூள் மேல். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். சட்டையின் உள்ளே இருக்கிற சீட்டையும் படியுங்கள். இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச்சிங் கூடாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. துவைப்பது யார்? ஊர்த் துணியை ஒரு சாதி வெளுத்தது. அந்தச் சாதி சேரித் துணியைத் தொடாது. சேரித் துணியை, தீட்டுத் துணியையும் சாவுத் துணியையும் சேர்த்து, புதிரை வண்ணார் வெளுத்தார்கள். கூலியாகப் பல இடங்களில் கிடைத்தது வீடு வீடாக வாங்கிய சோறு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் இதை நாவலாக்கியது. தமிழக அரசு 2009இல் புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை, சேரியின் வெளுத்த வேட்டியிலும் இருந்தது. உவர்மண்ணும் வெள்ளாவியும் அறிந்த அந்த மக்களிடம் இருந்தது அறிவு. அதை இழிதொழில் என்று சொன்னது சாதி.

இன்று சாதி வழியாகச் சுமத்த முடியாத வேலையை வீட்டுப் பெண்கள் தலையில் போட்டிருக்கிறோம். விடுதலை பேசிவிட்டு வருகிற தம்பியின் சட்டையை நூறுநாள் வேலைக்குப் போய்வந்த அம்மா துவைக்கிறார். ஆகவே படிப்பகத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம். இங்கே வருகிற ஆண் பிள்ளைகள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்க வேண்டும். முதலில் முனகினார்கள். இப்போது எந்தத் துணிக்கு எந்தத் தூள் என்று எங்களுக்கே சொல்கிறார்கள்.

தோழர்களே, நல்ல துணி உடுத்துங்கள். என்ன துணி என்று தெரிந்து வாங்குங்கள். அழுக்கை எடுப்பது யாருடைய பிறவிக் கடனும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வாளியை நீங்களே எடுங்கள்.

ஜெய்பீம்.