சித்தூரில் சட்னி வருவதற்கு முன்

காட்பாடியைத் தாண்டினால் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறிவிடும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்ததுதான். கடைவீதியில் தமிழிலேயே பேரம் பேசிக் காய் வாங்கலாம். ஆனால் என் மகளின் வேர்க்கடலை ஒவ்வாமையை மட்டும் தெலுங்கில் சொல்லப் பழகிக்கொண்டுதான் அங்கே போகிறேன். கல்லாவில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும். உள்ளே சட்னி அரைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! எனக்கு அவர்தான் முக்கியம்.

ராயலசீமை நிலக்கடலை விளையும் சீமை. நம் ஊரில் தேங்காய் இருக்கும் இடத்தில் அங்கே கடலை இருக்கிறது. இட்லிக்குக் கடலைச் சட்னி, கத்தரிக்காய்க்குள் அடைக்கும் மசாலாவில் கடலை, புளியோதரைத் தாளிப்பில் கடலை. எண்ணெயிலும் கவனம் வேண்டும். ஒவ்வாமையைக் கிளப்புவது கடலையின் புரதம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டியதில் தங்கியிருக்கும். அதனால் என்ன எண்ணெய் என்று மட்டும் கேட்டால் போதாது, செக்கா பாக்கெட்டா என்றும் கேட்க வேண்டும்.

தெலுங்கில் வெறுமனே 'செனகலு' என்றால் அது கொண்டைக்கடலை. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் 'செனக்காயலு'. 'அலர்ஜி' என்றால் பலருக்கும் அரிப்பு, தடிப்புதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, "மா பாப்பகி செனக்காயலு படவு. கொஞ்செம் தின்னா ஊப்பிரி ஆடது" என்கிறேன். கொஞ்சம் தின்றாலும் மூச்சு விட முடியாது என்று கேட்டதும் எதிரே இருப்பவரின் கை நின்றுவிடும்.

பாக்கெட் உணவில் வேர்க்கடலை இருந்தால் தனியாக அறிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. தள்ளுவண்டியில் எந்த லேபிளைப் பார்ப்பது? கூட்டம் சேருமுன் போய்ச் சமையல்காரரிடமே பேசுவதுதான் வழி.

திருப்பதி லட்டு எங்களுக்குச் சிக்கல் இல்லை. கடலை மாவு, நெய், சர்க்கரை, முந்திரி, திராட்சை, ஏலக்காய் எல்லாம் அவளுக்கு ஒத்துக்கொள்கிறவை. முந்திரியை மட்டும் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொண்டோம். சங்கடம் சின்னக் கோயில்களில் தொன்னையில் தரும் புளியோதரையில்தான். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவளை என் பின்னால் நிறுத்திக்கொண்டு நானே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சாப்பிட்டபின் கை கழுவாமல் அவளைத் தொடுவதில்லை.

அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும், அவள் எடைக்கு மருத்துவர் எழுதித் தந்த அளவும் பையில் எப்போதும் இருக்கும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும், உடனே 108ஐ அழைக்க வேண்டும். அரிப்பு மாத்திரை தொண்டை வீக்கத்தைத் தடுக்காது. வெளிநாடுகளில் பெற்றோர் கையில் இருக்கும் தயார்நிலை ஊசிப் பேனா இங்கே எளிதில் கிடைப்பதில்லை. குப்பியை உடைத்து, மருந்தை உறிஞ்சி, அளவு பார்ப்பதற்குள் நடுங்கப்போகும் கைகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். அடுப்படி அம்மாவிடம் என் இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. மிக்ஸி ஜாரைக் காட்டி, "இதுல காலையில செனக்காய்தான் அரைச்சேன் சார்" என்றார், பாதி தமிழும் பாதி தெலுங்குமாக. அதில் அரைத்த எதுவும் குழந்தைக்கு வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். தோசைக்கல்லைக் கழுவிக் காயவைத்து, கரண்டியை மாற்றி, புதுப் பாக்கெட் எண்ணெயைப் பிரித்தார். அப்புறம் பரிமாறும் பையனைக் கூப்பிட்டு, சட்னி வாளியோடு எங்கள் மேசைப் பக்கமே போகக்கூடாது என்று அதட்டினார். என் மகள் சர்க்கரை தொட்டு இரண்டு தோசை சாப்பிட்டாள்.