நங்கூரம் போட்ட கப்பல்கள்

ஒல்லாந்தர் பாடம் என்றால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான். 1640 காலி, 1656 கொழும்பு, 1658 யாழ்ப்பாணம் என்று ஆண்டுகளைப் பாடமாக்கி, சோதனை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இந்த முறை நாம் ஒரு படத்தை அச்சிட்டுக் கொண்டு போனோம்.

மூத்த வில்லெம் வான் டெ வெல்டெ என்ற ஒல்லாந்துக்காரர் கீறியது. பென்சிலும் கொஞ்சம் சாம்பல் நிற மையும்தான். காற்று அடங்கிய கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள், காய விட்ட பாய்கள், பக்கத்தில் ஒரு சின்னப் படகு. சண்டையுமில்லை, புயலுமில்லை.

“இதுல என்ன தெரியுது?” என்று கேட்டோம். கடைசி வாங்கில் இருக்கும் மகன், எப்போதும் வாய் திறக்காதவன், எழும்பினான். வாப்பா கடற்றொழில்.

“சேர், எல்லாக் கப்பலும் ஒரு பக்கம்தான் பாத்து நிக்குது. காத்து இல்ல. அப்ப நீரோட்டம் அந்தப் பக்கத்தால வருது.”

அந்தப் படத்தை நாம் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். அது நம் கண்ணில் படவே இல்லை.

பிறகு வகுப்பு முழுதும் கதை கேட்டது. இவர் 1611இல் லெய்டனில் பிறந்தவர். கடற்சண்டை நடக்கும் இடத்துக்கே சின்னக் கப்பலில் போய், பீரங்கிச் சத்தத்துக்கு நடுவில் இருந்து கீறியவர். 1653இலும் போனார், 1666இல் இங்கிலாந்தோடு நான்கு நாள் நடந்த சண்டைக்கும் போனார். 1672இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து ஒல்லாந்தை அடித்தன. நாடு நொடிந்தது, படம் வாங்க ஆளில்லை. அந்தக் குளிர்காலத்தில் தகப்பனும் மகனும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். சண்டை அப்போது முடியவும் இல்லை. 1674இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் ஆளுக்கு வருடம் 100 பவுண் சம்பளம் போட்டுக் கொடுத்தார். தகப்பன் கீற வேண்டும், மகன் வர்ணம் தீட்ட வேண்டும்.

“அப்ப அவர் துரோகியா சேர்?” என்றான் ஒருவன்.

நாம் பதில் சொல்லு முன்னம் ஒரு மகள் சொன்னாள்: “வீட்டுல ஒண்டும் இல்லாட்டி என்ன செய்யிற? எங்கட வாப்பாவும் கட்டாருலதான்.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. நாமும்தான்.

கலாசாலையில் நம்மோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவன். நல்ல கணித ஆசிரியர். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், சம்பளமற்ற லீவு எடுத்து வெளிநாடு போனான். “பிள்ளைகள நடு வருஷத்துல விட்டுட்டு ஓடினவன்” என்று ஆசிரியர் அறையில் சொன்னது நாம்தான். அவன் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் போடாமல் விட்டதும் நாம்தான். அவன் வீட்டு அடுப்பைப் பற்றி ஒரு நாளாவது கேட்டதில்லை.

அந்த மனிதர் கீறியவற்றில் ஏராளமானவை இன்று இங்கிலாந்தின் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஒல்லாந்துக் கப்பல் எப்படி இருந்தது என்று அறிய, ஒல்லாந்துக்காரர்களும் அவர் தாளைத்தான் பார்க்கிறார்கள். போன இடத்திலும் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

அன்றிரவு அந்தப் படத்தை நண்பனுக்கு அனுப்பினோம். மன்னிப்பும் கேட்டோம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“நம்மட பெடியன்மார் கணக்குல எப்படி மச்சான்?”

அவன் போன பிறகு அந்தப் பாடத்துக்கு இன்னும் நிரந்தர ஆசிரியர் இல்லை. அதை அவனுக்கு எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.